பாரிசு மீண்டது, காரைக்கால்?

தோழர்களே!

திருநள்ளாறு என்றதும் நாட்டார் நினைவில் எழுவது ஏழரை நாட்டுச் சனி. என் நினைவில் எழுவதோ வேறோர் ஏழரை! அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

காவிரி பாயும் கழனிகளின் நடுவே, 1739இல் காரைக்காலில் காலூன்றினர் பிரெஞ்சுக்காரர். 1880இல் தம் நாட்டு முறைப்படி கொம்யூன்களை அமைத்தனர். காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் எனப் பின்னர் அவை ஆறாயின. மேயர் உண்டு, மன்றம் உண்டு, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கமும் உண்டு. எல்லைக்கு இப்புறம் ஆங்கிலேயன்; அப்புறம் பிரெஞ்சுக்காரன். நீர் ஒன்று, நெல் ஒன்று, மொழி ஒன்று. கொடி மட்டும் இரண்டு!

1940 ஜூனில் இட்லரின் படைமுன் பிரான்சு வீழ்ந்தது. ஜூன் 18இல் இலண்டன் வானொலி வாயிலாக, எதிர்த்து நிற்க அழைத்தார் டிகால். செப்டம்பரில் பிரெஞ்சிந்திய ஆளுநர் போன்வேன் அவர் பக்கம் சேர்ந்தார். சேர்ந்த பக்கம் செம்மையான பக்கமே, மறுக்கவில்லை. ஆனால் நெடுங்காட்டு உழவனை ஒரு வார்த்தை கேட்டா முடிவெடுத்தனர்? ஆளுநர் சேர்ந்தார்; உழவன் சேர்க்கப்பட்டான்!

பிரான்சிலே ஒராதூர் என்றொரு சிற்றூர். 1944 ஜூன் 10இல் நாசிப் படை அதனுள் புகுந்தது. ஆடவரைச் சுட்டது, பெண்டிரையும் பிள்ளைகளையும் மாதா கோயிலில் அடைத்துக் கொளுத்தியது. மாண்டோர் 600க்கும் மேல். எரிந்த சுவர்களை இன்றும் அப்படியே காத்து வருகிறது அந்நாடு. அந்தக் கண்ணீர் நமக்கு அயலார் கண்ணீர் அல்ல; அடிமைத்தனத்தின் சூடு அறிந்தவர் நாம்!

அதே ஆண்டு ஆகஸ்டு 25இல் பாரிசு மீண்டது. தன் கழுத்து விலங்கு தெறித்ததும், அடுத்தவன் கால் விலங்கை அவிழ்த்ததா பிரான்சு? இல்லை! வியட்நாமிலே மீண்டும் போர் தொடுத்தது. இங்கே, 1947இல் தஞ்சைத் தரணி விடுதலை பெற்ற பின்னும் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1954 மே 7இல் தியன் பியன் பூவில் தோற்ற பிறகே அதன் பிடி தளர்ந்தது.

1954 அக்டோபர் 18. புதுவையை அடுத்த கீழூர். சட்டமன்ற உறுப்பினரும் கொம்யூன் மன்றங்களின் உறுப்பினருமாக 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1947 ஆகஸ்டு முதல் எண்ணுங்கள்: ஏழாண்டும் இரண்டரைத் திங்களும்! சனியின் கணக்குக்குச் சில திங்களே குறைவு. ஆனால் இந்தச் சனியை விலக்கியது எள் விளக்கல்ல, வாக்குச்சீட்டு!

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஆள வந்தவன் அமைத்த மன்றமே அவனுக்கு விடை கொடுத்தது. சிற்றூர் மன்றம் சிறிதென்று சொல்வோர்க்கு இதுவே மறுமொழி. விடுதலைக்குப் பின் அதே மண்ணில் நடந்ததென்ன? 1968இல் உள்ளாட்சித் தேர்தல், அடுத்தது 2006இல். இடையில் 38 ஆண்டுகள்! அன்னியனை வழியனுப்பிய மன்றங்களுக்கு நம்மவர் ஆட்சியில் நேர்ந்த கதி இது.

ஆகவே ஊராட்சியைச் சில்லறையென எண்ணாதீர். கோட்டைக்குப் போகும் பாதை உங்கள் குளத்தங்கரையில் தொடங்குகிறது. அங்கே காவல் நில்லுங்கள்!