அகப்படாத பழுது

மோட்டார் வண்டி அடியோடு கிளம்ப மறுத்துவிட்டால் பழுதைக் கண்டுபிடிப்பது அத்தனை கடினமன்று. ஒன்பது நாள் சாதுவாகக் கிளம்பிப் பத்தாம் நாள் மறுத்து, மெக்கானிக் வந்து நின்றவுடன் ஒன்றுமறியாததுபோல் ஓடத் தொடங்கும் வண்டிதான் ஆளைச் சோதிக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் இதை அறிவார்கள்.

என் வசம் இருப்பது ஓர் அம்பாசடர். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை உற்பத்தியான வகை. மட்டாஞ்சேரியில், காயலை ஒட்டிய தெருவொன்றில் நிற்கிறது. அங்கே வீசும் உப்புக் காற்றுக்கு இரும்பென்றும் செம்பென்றும் பேதமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கர்க்கடக மழை கொட்டிய ஓர் இரவில், அடுத்த வீட்டு மூதாட்டிக்கு மூச்சுத் திணறல் கண்டது. அவரை வண்டியில் அமர்த்திச் சாவியைத் திருப்பினேன். ‘டக்’கென்று ஓர் ஓசை, அவ்வளவே. நல்லவேளையாக ஓர் ஆட்டோ கிடைத்தது, மூதாட்டி பிழைத்தார். மறுநாள் காலை வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. எனக்கு அவமானமாக இருந்தது.

மெக்கானிக் ஒருவர் பாட்டரியை மாற்றினார். பதினைந்து நாளில் மீண்டும் அதே ‘டக்’. ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றினார். அதன் பிறகும் அதே கதை.

அப்போதுதான் ஒரு குறிப்புப் புத்தகம் போட்டேன். மறுத்த நாள், நேரம், மழையா வெயிலா, இஞ்சின் சூடா குளிர்ச்சியா, காதில் விழுந்தது என்ன என்று எழுதலானேன். ஒரு சொல்லின் பொருளை அது நிற்கும் இடம் நோக்கித் துணிவது மொழிபெயர்ப்பாளனுக்குப் பழக்கந்தானே!

முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: செல்ஃப் எடுக்கிறதா, இல்லையா? இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால், குற்றம் பெட்ரோல் வரும் வழியிலோ தீப்பொறியிலோ இருக்கும். சூடேறியபின் மட்டும் மறுத்தால் கண்டென்சரையும், மழை நாளில் மட்டும் மறுத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் படியும் ஈரத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். என் வண்டியிலோ இஞ்சின் சுற்றவே இல்லை.

1912-இல் அமெரிக்காவின் காடிலாக் வண்டியில் சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த மின்சார செல்ஃப், கைப்பிடி சுழற்றும் துன்பத்தைப் போக்கியது. ஆனால் அது மின்சாரத்தைப் பெருமளவில் குடிக்கும். நூற்றைம்பது ஆம்பியர் பாயும்போது, வழியிலுள்ள ஓர் இணைப்பில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலும் மூன்று வோல்ட் அங்கேயே வீணாகும். பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்கு இது பேரிழப்பு. கண்ணுக்குத் தெரியாத துரு இதற்குப் போதும்.

என் குறிப்புகளில் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. மறுக்கும் வேளையில் முகப்பு விளக்கு மங்கவே இல்லை. அப்படியானால் பாட்டரியில் வலு இருக்கிறது. அது மோட்டாரைச் சென்றடையவில்லை. மற்றொன்று விசித்திரமானது: சோக் கம்பியைத் தொட்டால் சுட்டது!

இஞ்சின் ரப்பர் மெத்தைகள்மேல் அமர்ந்திருப்பது. அதை வண்டியின் உடலோடு மின்சாரத்துக்காக இணைப்பது எர்த் பட்டை என்னும் செம்புப் பின்னல். அந்த வழி அடைபட்டால், மின்சாரம் மெல்லிய சோக் கம்பி வழியே திரும்ப முயல்கிறது, கம்பி சூடேறுகிறது.

கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை இஞ்சின் இரும்பிலும் வைத்தேன். என் மகன் சாவியைத் திருப்பினான். அரை வோல்ட்டுக்குள் காட்டவேண்டிய முள் நாலைத் தாண்டியது. பட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, மேலே பளபளப்பு. போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவும். உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, புதுப் பட்டை பூட்டி, மேலே வாசலின் தடவினேன்.

பட்டையின் விலை மிகச் சொற்பம். கழற்றி வைத்த பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் இன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. சோதித்துப் பார்த்தேன், நன்றாகவே சுற்றுகிறது.