கேவுரு விளைந்த கொல்லையும் களி கிண்டிய கையும்

பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் விடியலுக்கு முன்பே புறப்பட்டு இறங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே,

தமிழில் ஒரு வழக்கு உண்டு. ஒருவன் சிறைக்குப் போனால் ‘களி தின்னப் போயிருக்கிறான்’ என்போம். சிறையில் கேழ்வரகுக் களி போட்ட காலத்தில் பிறந்த பேச்சு. சிறைச் சாப்பாடு மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் குடும்பத்தில் பிறந்த நான், வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், ‘உங்கள் வீட்டில் ராத்திரிக்கு என்ன சாப்பாடு’ என்று கேட்ட விடுதி நண்பர்களிடம் ‘சோறு’ என்று சொன்னேன். பொய். எங்கள் வீட்டில் ராத்திரிக்குக் களிதான். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும், விருந்தாளி வந்த நாளுக்கும். அன்று நான் மறைத்தது என் அம்மாவின் கை உழைப்பை. அதை இந்த மேடையில் திருத்திக்கொள்ள எனக்கு உரிமை கொடுங்கள்.

தருமபுரி வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசக் கூடியிருக்கும் இந்த அரங்கில், பாலஸ்தீன வீட்டுச் சமையலுக்கும் ஓர் அமர்வு வைத்திருக்கிறோம். அதற்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பாலஸ்தீன மலைநாடும் நம் மேட்டுக்கொல்லையைப் போல வானம் பார்த்த பூமி. அங்கே மழை குளிர்காலத்தில். மழை விழுந்ததும் பெண்கள் வெளியே போய்க் ‘குப்பேசா’ என்ற காட்டுக்கீரையைக் கிள்ளி வந்து, வெங்காயத்தோடு ஆலிவ் எண்ணெயில் வதக்குகிறார்கள். கோதுமை முற்றுவதற்குள் பச்சையாக அறுத்து, கதிரோடு தீயில் வாட்டித் தேய்த்தெடுக்கும் தானியத்துக்கு ‘ஃபிரீக்கே’ என்று பெயர். கம்பங்கதிரை வாட்டி உள்ளங்கையில் கசக்கி ஊதித் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த மணத்தை விளக்க வேண்டியதில்லை. நமக்குப் புளி எப்படியோ அவர்களுக்கு ‘சுமாக்’ என்ற சிவந்த காயின் தூள் அப்படி. காசாவில் பெருநாளுக்குச் சமைக்கும் ‘சுமாகிய்யா’வுக்கு அந்தப் புளிப்பே பெயரும் ஆயிற்று.

இஸ்ரேல் உருவான 1948 போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் காலியாயின. ஊர் போனபின் அவர்கள் கையில் எஞ்சியது சமையல். இன்ன ஊர்க்காரர் இதை இப்படித்தான் செய்வார் என்ற நினைவை முகாம்களில் இருந்தபடி பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். லைலா எல்-ஹத்தாத் காசாவின் வீடுவீடாகப் போய் அடுப்படிகளைப் பதிவுசெய்தார். ரீம் கஸ்ஸிஸ் தன் குடும்பத்துச் சமையலை 2017இல் நூலாக்கினார். விவியன் சன்சூர் 2014இல் பாலஸ்தீன நாட்டு விதைகளுக்கு ஒரு நூலகமே தொடங்கினார். நிலத்தை இழந்தவர்கள் தங்கள் உணவை இத்தனை கவனத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நிலம் நம் கையில் இருக்கிறது. நாம் எழுதி வைத்தது என்ன?

தருமபுரியின் பழம்பெயரான தகடூர் என்றால் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைச் சொல்வோம். அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததை ஔவை புறநானூற்றில் சொல்வதையும் மேற்கோள் காட்டுவோம். ஆநிரை மீட்டு இறந்தவர்களுக்கு எடுத்த நடுகற்களைப் படியெடுத்துப் பதிப்பித்திருக்கிறோம். 1792 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி போட்ட கதை ‘பாரமகால் ஆவணங்கள்’ என்று அச்சில் இருக்கிறது. எந்தக் கொல்லைக்கு எவ்வளவு தீர்வை என்று அதில் தேடலாம். அந்தக் கொல்லைத் தானியம் வீட்டுக்கு வந்தபின் என்ன ஆயிற்று என்பதற்கு ஆவணம் முன்வரிசையில் இருப்பவர்களின் கைதான்.

களி கிண்டுவதைச் சமையல் குறிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது ஒரு தொழில்நுட்பம். உலைநீரில் ஒரு கை நொய்யைப் போட்டு வேகவிட்டு, மாவை நடுவில் குவித்துக் கொட்டி, துடுப்புக் காம்பால் அதில் ஒரு குழி விடுவார் அம்மா. கொதிநீர் அந்தக் குழி வழியே பொங்கி மேலேறி மாவை உள்ளிருந்து வேகவைக்கும். அவசரப்பட்டுக் கிளறினால் பச்சை மாவு கட்டி தட்டும். பக்குவம் வந்ததும் பானையை இறக்கி, இரண்டு பாதத்தாலும் துணி வைத்து அணைத்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டுவார். தோளும் இடுப்பும் சேர்ந்து வேலை செய்யும். பிறகு கையை நனைத்து உருட்டி, தட்டில் உண்டையாக வைப்பார். மெல்லக் கூடாது, சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுச் சாறோ, கீரைக் கடைசலோ, கருவாட்டுக் குழம்போ. தை மாதமென்றால் பிதுக்கம்பருப்புக் குழம்பு. அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து தோலைப் பிதுக்கியெடுப்போம். அந்தப் பருப்பின் ருசியில் பாதி அந்தப் பேச்சில் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

அவரை ஏன் தையில் வந்தது? கேவுரு என்று நாம் சொல்லும் கேழ்வரகை விதைத்த கொல்லையில் சில சாலுக்கு ஒரு சால் அவரை போடுவது நம் வழக்கம். கேவுரு அறுத்தபின் நிலம் அவரைக்கு விடப்படும்; பகல் குறுகிப் பனி இறங்கும்போது அது பூத்துக் காய்க்கும். களிக்குத் துணையாகும் குழம்பு களி விளைந்த அதே கொல்லையில், அதன் காலடியிலேயே வளர்ந்தது. கீரையும் அப்படித்தான். பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் யாரும் விதைத்ததில்லை. களையெடுக்கப் போன பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்று களைக்கொல்லி அடிக்கிறோம், கூலி மிச்சம். ஆனால் காசு கொடுக்காமல் கிடைத்த கீரை போய்விட்டது. பண்ணைக்கீரையின் பெயரே தெரியாத பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்தேன். கொல்லையை விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் காப்பாற்ற முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

களிக்குழம்பில் கரையும் புளியைப் பற்றியும் ஒரு சொல். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த மாவட்டம் நமது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புளி சேர்த்துக்கொண்ட பள்ளிச் சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு வெளியேறுவது கூடியிருந்தது. சிறிய ஆய்வு, அதை வைத்துப் புளியை மருந்தாக விற்கப் புறப்படக் கூடாது. ஆனால் இப்படி ஒரு கேள்வியை இங்கே, நம் கல்லூரிகளில் நாமல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

பழமையைப் போற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சாமை நம் மலைகளில் குறைந்ததற்கு அதன் உமியும் ஒரு காரணம். உரலில் குத்திக் குத்திப் புடைத்தால்தான் ஒரு வேளைச் சோறு. அரிசி மலையேறி வந்ததும் பெண்கள் உலக்கையைச் சாத்திவைத்தார்கள். அவர்கள் செய்தது சரி. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் சிறு எந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது இதை உணர்ந்துதான். தோள்வலி தெரியாதவர்கள் எழுதும் பாரம்பரியப் புகழுரை எனக்கு வேண்டாம்.

அதேபோல், ரேஷன் அரிசியைப் பழிப்பவர்களோடும் நான் சேரமாட்டேன். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், அன்று நாம் அடங்கியிருந்த சேலம் ஜில்லா பட்ட பாட்டைப் படித்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்ல செயல். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து என்பதை மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நகரத்து ஓட்டல்கள் சர்க்கரை நோயாளிக்கென்று களி விற்கின்றன. முன்பு தண்டனை, இப்போது மருந்து. இரண்டும் வெளியிலிருந்து கிடைத்த பெயர்கள். அது எங்கள் சாப்பாடு, ருசிக்காகச் சாப்பிட்டோம் என்று உள்ளிருந்து சொல்லும் குரல்தான் இன்னும் எழவில்லை.

தூய்மை பேசுபவர்களுக்கும் ஒன்று. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வந்த பயிர். மிளகாயும் வேர்க்கடலையும் பாலக்கோட்டுச் சந்தையை நிறைக்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தவை. பாலஸ்தீன அடுப்பிலும் அதே தக்காளி வேகிறது. வந்ததை வளர்த்துச் சமைத்து நம்முடையதாக்கிய கைகளால்தான் மரபு உண்டாயிற்று.

கடைசியாக, சொல்லக் கடினமான ஒன்று. காட்டில் கிடைப்பதை யார் எடுக்கலாம் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. 1977இல் இஸ்ரேல் அரசு, ரொட்டியோடு பாலஸ்தீனர் தினமும் தின்னும் ஸாத்தர் இலையைக் காட்டில் பறிக்கத் தடை விதித்தது. 2005இல் ‘அக்கூப்’ என்ற முள்செடியும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. நமக்கு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் முதல் அந்தக் கதை பழக்கம். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடி நுழைந்த அரசுப் பணியாளர்கள் 18 பெண்களைச் சீரழித்தார்கள். வீட்டையும் தானியத்தையும் பாத்திரத்தையும் கிணற்றையும் பாழாக்கினார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் கொடுத்த தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29இல் உறுதி செய்தது. ஓர் ஊரை உடைக்க நினைப்பவர்கள் அதன் தானியத்தையும் கிணற்றையும் தொடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் காசாவில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்ட செய்தியைப் படித்தபோது, எனக்கு வாச்சாத்தியில் சிதறிக் கிடந்த தானியம்தான் நினைவுக்கு வந்தது. அந்த அமர்வு இங்கே ஏன் என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

ஆய்வாளர்களே, ஒரு வேண்டுகோள். பிற்பகலில் இந்தத் தாய்மார்கள் முற்றத்தில் அடுப்பு மூட்டிக் களி கிண்டப் போகிறார்கள். தட்டோடு வருவதற்கு முன் குறிப்பேட்டோடு வாருங்கள். எந்தக் கேவுரு, எந்தக் கொல்லை, எந்த மாதம் விதைத்தது, யாரிடம் கற்றது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள், மேடைத் தமிழாக்காதீர்கள். அவர்கள் சம்மதித்தால், கட்டுரையின் ஆசிரியர் பெயரில் அவர்கள் பெயரை முதலில் போடுங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.