மதுரையில் பழகிய விமானங்கள்



மதுரைக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம் விமானம் இறங்குவதை நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். அந்த மைதானத்தில் முதலில் இறங்கியவர்கள் பிரயாணிகள் அல்ல. 1942-ல் வெள்ளை அரசின் விமானப்படை அதை உபயோகிக்கத் தொடங்கியது. பிரயாணி விமானம் வந்தது 1956-ல்தான்.

1945 மத்தியில், பர்மாப் போரை முடித்துவிட்டு, 17-வது ஸ்குவாட்ரன் மதுரைக்கு வந்தது. 11-வது ஸ்குவாட்ரன் காரைக்குடி அருகே செட்டிநாட்டுக்கு வந்தது. சுழலியில் 5 தகடுகள் கொண்ட புது ரக ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தில் பழகவே இங்கே வந்தார்கள். ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த மலாயா மீது கடல் வழியே படையெடுப்பதற்கான ஏற்பாடு அது. திட்டத்துக்கு 'ஜிப்பர்' என்று பெயர்.

கடற்கரையில் இறங்கும் சிப்பாய் படகில் இருக்கும்போது ஒன்றும் செய்ய முடியாதவன். ஒளிய மரமில்லை, படுக்கப் பள்ளமில்லை. மேலே எதிரி விமானம் வந்தால் தீர்ந்தது. ஆகவே அவன் தலைக்கு மேல் சண்டை விமானங்கள் இடைவிடாமல் சுற்ற வேண்டும். ஆனால் சிறு விமானம், சிறு டாங்கி. நெடுநேரம் பெட்ரோல் தாங்காது. நம் ஆலையில் அடுத்த ஷிப்டு ஆள் வந்து நின்ற பிறகுதான் மெஷினை விட்டு நகர முடியும் அல்லவா? அதே கணக்குத்தான் அங்கேயும். மதுரையிலிருந்து மலாயாவோ 1,500 மைலுக்கு மேல். ஸ்பிட்ஃபயர் அவ்வளவு தூரம் பறக்காது. எனவே அவற்றை 'டிரம்பட்டர்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள்.

இதற்குள் ஜப்பான் பணிந்துவிட்டது. 1945 செப்டம்பர் 2-ல் சரணாகதிக் கையெழுத்தானது. 5-ல் பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் இறங்கியது. அப்படியும் திட்டத்தை விடவில்லை. 9-ந் தேதி இந்தியச் சிப்பாய்களை மோரிப் கரையில் இறக்கினார்கள். மேலே மணல், அடியில் சேறு. லாரிகள் புதைந்து நின்றன. ஸ்பிட்ஃபயர்கள் கப்பலிலிருந்து கிளம்பிக் கெலானாங் மைதானத்தில் இறங்கின. எதிரி சுட்டிருந்தால் அந்தச் சேற்றில் எத்தனை பிணம் விழுந்திருக்கும்! வரைபடம் பார்த்து இடம் குறித்த ஜெனரல்களின் லட்சணம் இது.

அந்தக் கரையை ஒட்டிய ரப்பர் தோட்டங்களில் இருந்தவர்கள் யார்? கங்காணி அழைத்துப்போன நம் ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சிச் சீமை ஜனங்கள். 1942-43-ல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட அவர்களை வாரிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் தமிழர் காட்டில் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அந்தக் கொடுமை ஒழிந்ததில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் படைக்குப் பின்னாலேயே தோட்ட முதலாளியும் திரும்பி வந்தான்.

கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் சங்கம் கட்டினார்கள். 1948 ஜூனில் அவசரநிலை வந்தது. அடுத்த மாதமே மலாயாக் காடுகளைத் தாக்கப் புறப்பட்டவையும் ஸ்பிட்ஃபயர்களே. தஞ்சைச் சீமையில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.