முன்கூட்டியே போட்ட கணக்கு

எங்கள் ஊர் புத்தலப்பட்டில் கடல் இல்லை. ஆனால் பக்கத்துச் சந்திரகிரி மலைப்பகுதியில் பிறக்கும் சொர்ணமுகி ஆறு திருப்பதியைக் கடந்து வங்கக் கடலில்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் கடல் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாய்ப் பொங்கி வந்தது. சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது காலை 6.29க்கு. அலை சென்னையைத் தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு அவகாசம் இருந்தும், கரையில் நின்றவர்களிடம் சொல்ல ஆள் இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நிலம் அதிர்ந்த பிறகு உட்கார்ந்து அலையின் முழுப் பயணத்தையும் கணக்கிட்டால் நேரம் போய்விடும். அதனால் எங்கே, எவ்வளவு வலுவாக அதிர்ந்தால் எந்தக் கரைக்கு எப்போது, எவ்வளவு உயர அலை வரும் என்று ஆயிரக்கணக்கான கணக்குகளை முன்பே போட்டுச் சேமித்திருக்கிறார்கள். அதிர்ந்ததும் பொருந்தும் கணக்கை எடுத்தால் போதும். நம் பாட்டிமார் முந்தின இரவே மாவரைத்து வைத்த மாதிரி!

கணக்கு சரியா என்று பார்க்கக் கடலடியில் அழுத்தமானிகள் காத்திருக்கின்றன. மேலே அலை கடந்தால் நீரின் எடை மாறும். அதை அவை உணர்ந்ததும் சேதி செயற்கைக்கோள் வழியே மையத்துக்கு வந்துவிடும்.

பிறகு அந்தச் சேதி மீனவர் குடிசை வரை போக வேண்டும். அங்கே கணிப்பொறி போதாது. ஓடிப்போய்ச் சொல்லும் மனிதர் வேண்டும்.