ஜப்பானின் விரைவு இரயிலும் நம் தண்டவாளமும்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில் இருக்கும் நாம் இரயில் ஏற, சுங்கை பூலோவுக்கோ ரவாங்கிற்கோ போகவேண்டும். அங்கே வரும் இ.டி.எஸ். வண்டி மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. ஜப்பானில் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 1964 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கிய சிங்கான்சென் வண்டியோ அன்றைக்கே 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிற்று. இன்று அதே பாதையில் 285.

இந்த வேகம் இஞ்சினால் மட்டும் வந்ததன்று. அந்நாட்டின் பழைய பாதையும் நம்முடையதைப் போலவே குறுகியது, மூன்றரை அடிதான். அதை விட்டு, அகலமான புதிய பாதையைத் தனியே போட்டார்கள். எந்தச் சாலையும் அதன் குறுக்கே போகாது, மேலேயோ கீழேயோதான். அத்தனை வேகத்தில் வெளியே நிற்கும் கைகாட்டி விளக்கு ஓட்டுநரின் கண்ணுக்குப் பிடிபடாதல்லவா? ஆகவே போகவேண்டிய வேகத்தை அவர் முன்னாலேயே காட்டி, மீறினால் பிரேக் தானே விழும்படி செய்தார்கள். தடம் புரண்டோ மோதியோ அதில் இதுவரை ஒரு பயணியும் இறந்ததில்லை.

நம் பக்கமும் வேலியும் மேம்பாலமும் உண்டு. சுற்றிப்போக அலுத்து வேலிச் சந்தில் நுழைகிறவர்களும் நம்மில் உண்டு. கணக்குப் பார்ப்போம்: 140 கிலோமீட்டர் வேக வண்டி ஒரு விநாடியில் 39 மீட்டர் வந்துவிடும். 400 மீட்டருக்கு அப்பால் தெரிகிற வண்டி பத்தே விநாடியில் நம் எதிரில். பையோடும் பிள்ளையோடும் இரட்டைப் பாதையைத் தாண்ட அது போதுமா? மின்சார வண்டி, பழைய டீசல் வண்டிபோல் தூரத்திலேயே இரைவதுமில்லை. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அதன் அருகே போகவே கூடாது.