பற்றீரியாவின் வாயிற்காவல்

மனிதக் குடலில் வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவுக்குக் குளுக்கோசும் பாற்சருக்கரையும் கலந்தளித்தால், குளுக்கோசையே முதலில் உண்ணும். அது தீர்ந்ததும் வளர்ச்சி சிறிது நின்று, பின்னர் மீளத் தொடங்கும். இவ்விடைவேளையில் நிகழ்வது யாது? 1940களின் தொடக்கத்தில் பாரிசில் ஜாக் மொனோவுக்கு எழுந்த இவ்வினாவுக்கு, 1961இல் அவரும் பிரான்சுவா ஜக்கோப்பும் விடை கூறினர்.

பாற்சருக்கரையை உள்ளிழுக்கவும் பிளக்கவும் வேண்டிய பரம்பரையலகுகள் ஒரே வரிசையில் அடுத்தடுத்து உள்ளன. வாயிலில் ஒரு புரதம் காவல் இருக்கும். பாற்சருக்கரையிலிருந்து பிறக்கும் பொருளொன்று பற்றிக்கொண்டதும் அக்காவல் விலகும். குளுக்கோசும் தீர்ந்திருந்தால் வரிசை முழுவதும் ஒருங்கே தொழிற்படும். நொதியங்கள் உருவாகும் நேரமே அவ்விடைவேளை.

ஆயின், வாயில் இறுக அடைபட்டிருந்தால் முதற் சருக்கரை உட்புகுவது எங்ஙனம்? காவல் அவ்வப்போது நழுவுகிறது. அச்சோர்வில் உருவாகிய சில புரதங்களே சருக்கரையை உள்ளே அழைத்து வருகின்றன. சோராத காவலாயின், பாற்சருக்கரை சூழ்ந்திருக்கவே பற்றீரியா பட்டினி கிடந்திருக்கும்.