ஓகஸ்டில் யார் தண்ணீர் ஊற்றுவது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருத்தி பேச எழுந்தால் நீரிழிவு பற்றியோ மூட்டுவலி பற்றியோ சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்குத் தந்த நேரத்தை நான் பாடசாலை மரக்கறித் தோட்டத்துக்குக் கொடுக்கப் போகிறேன். அதுவும் என் தொழிலோடு சேர்ந்த விடயந்தான்.

2022ஐ வெளிநாட்டில் இருப்பவர்கள் செய்தியில் பார்த்தீர்கள். இங்கே இருந்தவர்கள் வயிற்றால் அறிந்தோம். அந்தச் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தது. அதற்கு முந்திய ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, சில மாதங்களில் தடையை நீக்கியும், விளைச்சல் விழுந்தது விழுந்ததுதான். வீடுகளில் முதலில் குறைந்தது மீனும் முட்டையும் பருப்பும். வளரும் பெண்பிள்ளைக்கு மாதவிடாயில் இரத்தம் போகிறது. தட்டில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் குருதிச்சோகை வரும். களைப்பும் கவனக்குறைவும் ரியூசனால் தீராது. பாடசாலையில் வாரந்தோறும் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தங்கைமார் ஒளிக்காமல் விழுங்க வேண்டும். கீரை அதற்கு மாற்று அல்ல, துணை. கீரையிலுள்ள இரும்பை உடம்பு இலேசில் எடுத்துக்கொள்ளாது. முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி விட்டால் கூடுதலாக எடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் குறையும்.

அதே 2022 யூனில் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. நோக்கம் நல்லதுதான். ஆனால் திருகோணமலையில் யூனில் விதை போடச் சொன்னால் எங்கள் அம்மம்மாமார் சிரித்திருப்பார்கள். கொழும்புக்குத் தென்மேற்குப் பருவம் மழை. அதே காற்று மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு எங்களிடம் கச்சானாக, சுடச்சுட வருகிறது. எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். பாடசாலை தோட்டங்கள் மாரியில் செழித்து, பங்குனியில் படம் எடுக்கப்பட்டு, ஓகஸ்ட் விடுமுறையில் கருகுவது இதனால்தான். பிள்ளைகள் கற்ற பாடம், நட்டால் பட்டுப்போகும் என்பதுதான்.

கணக்கு மிகச் சிறியது. கோடையில் ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். மூன்று சதுர மீற்றர் பாத்தி இருபது இருந்தால் 300 லீற்றர். இவ்வளவையும் ஓகஸ்டில் ஊற்ற முடியாது. ஆகவே யூலையிலேயே பாதிப் பாத்திகளை ஓய்வுக்கு விட வேண்டும். அவற்றில் சருகும் சாணமும் பரப்பிக் கிடுகால் மூடிவிட்டால் மாரிக்குப் பசளை தயார். மீதியில் வெண்டி, கத்தரி, பயித்தை இருக்கட்டும். எங்கள் கடற்கரை மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. கன்றைச் சுற்றிப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்கப் புதைத்தால் ஈரம் நிற்கும். மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், கசிகிற தண்ணீர் நேரே வேருக்குப் போகும். தினமும் வாளி தூக்கத் தேவையில்லை. மேற்குப் பக்கம் அகத்தியோ முருங்கையோ வரிசையாக நின்றால் கச்சானுக்குத் தடுப்பு, கறிக்கும் இலை. கைகழுவும் தொட்டித் தண்ணீரை வாழைக்கும் பப்பாசிக்கும் திருப்பலாம். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரைக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான் வைத்தியராக இருப்பதால். தண்ணீர் பீப்பாக்களை மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏழெட்டு நாள் போதும். தோட்டம் வைத்துக் காய்ச்சலை வாங்கக் கூடாது.

வேலிக்குத்தான் பணம் வேண்டும். பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள் வெளிநாட்டில் இருக்கும் அக்காமாருக்கு இனிய நினைவாக இருக்கலாம். கோடையில் புல் காய்ந்ததும் அவை வீதிக்கு வருகின்றன. பயித்தங்கொடி ஒன்று கண்ணில் பட்டால் விடியுமுன் முடிந்தது. கட்டாக்காலி மாட்டுக்குக் கட்டும் வேலி மானுக்குக் காணாது. ஆளுயரத்துக்கு மேல் வலை வேண்டும்.

எங்கள் சங்கத்தில் கட்டடத்துக்குப் பணம் கேட்டால் கிடைக்கிறது, பெயர்ப்பலகையும் வைக்கலாம். ஓகஸ்ட் மாதத் தண்ணீருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பாடசாலை திறந்திருக்கும்போது தோட்டத்துக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூட்டியிருக்கும்போதுதான் நாங்கள் தேவை. விடுமுறை நாட்களில் காலை, மாலை வந்து நீர் ஊற்றும் ஒருவருக்கு முறையான சம்பளம் வேண்டும். அதை ரொறன்ரோ, இலண்டன், மெல்பேர்ண் கிளைகள் ஆளுக்கு ஓராண்டாகப் பொறுப்பேற்கலாம். நகரில் இருக்கும் நாங்கள் வாரத்துக்கு இருவராக முறைவைத்து வந்து பார்ப்போம். காய்த்ததை அந்த வாரம் வந்தவர்கள் கொண்டுபோகக் கூடாது. விடுதிச் சமையலுக்கோ, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கோ போக வேண்டும். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. எங்களை எங்களுக்குத் தெரியும்.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஓகஸ்ட் முதல் வாரத்தில் என் பெயர் இருக்கிறது. பக்கத்துக் கோடு வெறுமையாக இருக்கிறது, யாராவது வாருங்கள். வெயில் ஏற முன், ஆறரைக்கு.